பதினோரு மணி நேரம் ஓடிய தொடர்

பண்டிகைக்கு மாமியார் வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்கு ஹேரான் ஒரு விலை கொடுத்திருந்தாள். அது பணமில்லை, ஒரு கணக்கு. அவள் வேலை பார்த்த ஹானுல் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு இலவசமாகத் தந்த கணக்கு. நாடகம், சினிமா, பாட்டுப் போட்டி, இருபது வருடத்துப் பழைய குடும்பத் தொடர் என்று எதை வேண்டுமானாலும் இணையத்தில், எத்தனை திரையில் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஊழியரும் அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது. அதன் கீழே ஹேரான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அந்தக் கணக்கு இப்போது கிம்ஜே ஊரில் மாமனாரின் பெரிய டிவியில் இருந்தது. இக்ஸானில் கணவனின் அத்தை கைபேசியில் இருந்தது. நாத்தனாரின் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொன்றாக வைத்திருந்தார்கள். ஓர்ப்படி யூஜங்கின் கீறல் விழுந்த டேப்லெட்டிலும் இருந்தது. பெரிய மருமகள் வராவிட்டாலும் அவள் அனுப்பியது வீடு முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறது என்று மாமனார் ஊர் மன்றத்தில் பெருமையாகச் சொன்னாராம். கணவன் கியூசிக் வந்து அதைச் சொன்னபோது ஹேரானுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஹேரானுக்கு நாற்பத்தாறு வயது. நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்த காலத்தில் தேபெக் மலையூரில் வளர்ந்தவள். அப்பா சுரங்க வாசலில் ஆள் கணக்கு எழுதுபவர். இறங்கியவர் எத்தனை பேர், ஏறி வந்தவர் எத்தனை பேர், இரண்டும் ஒத்துப்போகிற வரை அவர் வீட்டுக்கு வரமாட்டார். மகளுக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது. புள்ளியியல் படித்து, கொரியத் தலைநகர் சோலுக்கு வந்து, ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் இணையப் பிரிவில் சேர்ந்தாள். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் பார்க்க உட்கார்ந்தார்கள், எந்த நிமிடத்தில் எழுந்து போனார்கள் என்று எண்ணுவதுதான் வேலை.

வெளிநாட்டுப் படச் சேவை ஒன்று வந்து வீட்டுக்கு வீடு ஆட்களை இழுத்துக்கொண்டு போனபோது, முப்பது வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒரே மேசைக்கு வந்தன. இரண்டு பேரும் தனித்தனியாக நடத்திய இணையத் தளங்களைச் சேர்த்து ஒன்றாக்கியதுதான் ஹானுல். சாங்காம் பகுதியில் வாடகை மாடி ஒன்றில் பதினொரு பேரோடு தொடங்கியது. முதல் ஆறு மாதம் அங்கே இரண்டு காப்பி இயந்திரங்கள் இருந்தன. இந்தத் தரப்பு அந்தத் தரப்பின் காப்பியைக் குடிக்காது. இரண்டு பக்கத்துச் சந்தாதாரர் பட்டியலையும் ஒன்றாகச் சேர்க்கும் வேலை ஹேரானுக்கு வந்தது. இரண்டு இடத்திலும் இருந்தவர்கள், பழைய எண்ணில் இருந்தவர்கள், செத்துப்போன தாத்தாவின் பெயரில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்று ஒன்பது லட்சம் பேரை அவள் ஒழுங்கு பண்ணினாள். எல்லாம் முடிந்த அன்று அந்தப் பக்கத்து இயந்திரத்தில் ஒரு காப்பி பிடித்து, இந்தப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து குடித்தாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் குடித்தார்கள்.

முதல் சுசோக் அறுவடைப் பண்டிகையன்று சேவை கவிழ்ந்தது. காலையில் முன்னோருக்குப் படைத்துச் சாப்பிட்டு முடித்து, நாடே வயிறு நிறைந்து திரை முன்னால் சாய்ந்த நேரம். நாற்பது நிமிடம் எல்லாத் திரையிலும் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த பண்டிகையிலிருந்து ஒரு டீம் லீடர் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும் என்று முடிவானது. ஹேரான் இருந்தாள். அந்த முறை அது நிஜமாகவே தேவையாக இருந்தது.

இரண்டாவது வருடம் முறை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அவள் தானே இருப்பதாகச் சொன்னாள். மூன்றாவது வருடம் யாரும் கேட்பதற்கு முன்பே பட்டியலில் தன் பெயரை எழுதினாள். வெயில் நீளமாக விழுந்து கிடக்கும் காலி மாடியில், திரைகளில் கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, கப் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது. கிம்ஜேயில் அதே நேரத்தில் அடுக்களைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மின்சாரத் தட்டை அடுப்பை நடுவில் வைத்து, மீன் துண்டையும் பூசணி வில்லையையும் மாவில் புரட்டி முட்டையில் தோய்த்துப் போட்டு ஜோன் சுட வேண்டும். மூன்று கூடை. படையலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கட்டிக் கொடுக்க ஒன்று. மூத்த மருமகள் முன்னின்று செய்ய வேண்டிய வேலை. அதைத்தான் சின்ன மருமகள் யூஜங் தனியாகச் செய்தாள். யூஜங் அந்த ஊரிலேயே இருப்பவள். மாமியார் வீட்டுக்குப் பின்தெருவில் வீடு, கூட்டுறவு அங்காடியில் பில் போடும் வேலை. பண்டிகை முடிந்து ஹேரான் போனில் மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம், உங்க வேல அப்படி, என்ன பண்றது என்று சொல்லி யூஜங் வைத்துவிடுவாள்.

மூன்றாவது சுசோக் முடிந்து நவம்பர் வந்தது. ஹானுல் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கணக்கை ஊர் முழுக்கப் பங்கு போட்டுப் பார்க்கிறார்கள், அதை அடைத்தால்தான் பிழைப்போம் என்று இயக்குநர் பியோன் கூட்டம் கூட்டினார். அறையில் ஆறு ஆண்கள், ஹேரான் ஒருத்தி. தரவுகளைப் பார்க்கும் ஜெஹா சில கணக்குகளை மாதிரிக்கு எடுத்து, எண்ணை மறைத்துத் திரையில் போட்டான். ஊரும் நேரமும் பார்த்த நிகழ்ச்சியும் மட்டும் தெரிந்தன. அவன் தன் வேலையில் சுத்தமானவன். ஊழியர் கணக்குகளை முதலிலேயே தனியே எடுத்து வைக்க வேண்டும் என்று மட்டும் அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான்காவது கணக்கு வந்தது. பதிவான வீடு சோல், மேபோ பகுதி. ஓடிக்கொண்டிருந்தது ஏழு கருவியில். அதில் கிம்ஜேயில் இருந்த ஒன்றில் மட்டும் ஒரு நீளக் கோடு. சுசோக்குக்கு முந்தின நாள் காலை ஐந்தரைக்குத் தொடங்கி மாலை நாலரை வரை, ஒரு பழைய வாரக்கடைசித் தொடர், முதல் பகுதியிலிருந்து நிறுத்தாமல். பதினோரு மணி நேரம். நடுவில் ஒரு தடவைகூட யாரும் தள்ளவில்லை, நிறுத்தவில்லை, பின்னால் போகவில்லை.

அந்தக் கோட்டைப் பார்த்தவுடனே அது யாருடையது என்று ஹேரான் புரிந்துகொண்டாள்.

மனுசன் பார்க்கிற மாதிரி இல்லையே என்றான் ஜெஹா. இதற்கு முந்தின சந்திரப் புத்தாண்டுக்கும் இதே மாதிரி ஒரு கோடு இருக்கிறது, பண்டிகை நாளில் மட்டும்தான் வருகிறது என்றான்.

"இதுல என்னப்பா சந்தேகம். சாப்பாட்டுக்கடை," என்றார் பியோன். "பண்டிகைக்கு ஊருக்கு வர்றவனுக்கெல்லாம் டிவியப் போட்டுவிட்டு சோறு போடறான். நம்ம செலவுல."

எல்லோரும் சிரித்தார்கள். ஹேரானும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வெளியே வந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

விதி அங்கேயே எழுதப்பட்டது. பதிவான வீட்டுக்கு வெளியே, ஒரே இடத்தில், எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் அது கடை. உடனே நிறுத்திவிட வேண்டும். டீம் லீடர் மேடத்துக்குச் சரிதானே என்று பியோன் கேட்டார். சரியில்லை என்று சொல்ல அவளிடம் எல்லாம் இருந்தது. அது அடுக்களை, அங்கே ஒருத்தி தனியாக உட்கார்ந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரியைச் சொன்னால், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அப்புறம் கணக்கு வரும், கையெழுத்து வரும். அதற்கும் அப்புறம் யாரும் வாய்விட்டுக் கேட்காத இன்னொரு கேள்வியும் வரும். ஹேரான் சரி என்றாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் டேப்லெட்டை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தாள். எடுத்தால் யூஜங் ஏன் என்று கேட்பாள். எடுக்கவில்லை. சந்திரப் புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். பார்த்துக்கொள்ளவும் இல்லை. இந்த வருடமும் அலுவலகத்தில் இருக்கிறேன் என்று கியூசிக்கிடம் சொன்னபோது, அவன் தனக்கும் மகள் சேபோமுக்கும் மட்டும் ரயில் சீட்டு எடுத்தான்.

புத்தாண்டுக்கு முந்தின நாள் பகல் ஒன்றரை மணிக்கு வாடிக்கையாளர் தொலைபேசி அறையில் சத்தம் கூடியது. முதலில் நாற்பது அழைப்பு. இரண்டு மணிக்கு ஆறாயிரம். ஜெஹா திரையைக் காட்டினான். கோளாறு எதுவும் இல்லை, விதி சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. விடிகாலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் தொடங்கிய கோடுகள் எட்டு மணி நேரத்தைத் தொட்டவுடன் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தன. ஹேநாம், யோங்ஜு, ஹோங்சோங், மிர்யாங். எல்லாம் சின்ன ஊர்கள், பதிவான வீட்டுக்கு வெகுதூரத்தில். நாடே தன் வீட்டில் இல்லாத ஒரே நாளில், வீட்டில் இல்லாதவரை நிறுத்து என்று அவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். அழைப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்த பெண் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு, எல்லாரும் பொம்பளைங்க மேடம், பின்னால எண்ணெய் பொரியற சத்தம் கேக்குது என்றாள்.

அப்போது ஹேரானின் கைபேசி அடித்தது. யூஜங்.

"அக்கா, வேலையா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல. டேப்லெட்டு நின்னு போச்சு. கடையில போட்டுக் காட்டக்கூடாதுன்னு எழுத்து வருது. நான் எங்கக்கா கடை வெச்சிருக்கேன்?"

சரி பண்ணச் சொல்கிறேன், எந்த இடத்தில் நின்றது, எத்தனாவது பகுதி என்று ஹேரான் கேட்டாள். வேறு எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அது யாருக்குத் தெரியும்? நான் எங்க பாத்தேன். கண்ண அதுல வெச்சா இங்க மீனு கருகிடும்." யூஜங் எதையோ திருப்பிப் போடுகிற சத்தம் கேட்டது. "ஆம்பளைங்க எல்லாரும் ஊர்ப் பொதுக் குளியலறைக்குப் போயிட்டாங்க. உங்க வீட்டுக்காரரும்தான். நம்ம மாமியாருக்கு முட்டி வலி, உள்ள படுத்துட்டாங்க. யாராச்சும் பேசிக்கிட்டு இருந்தாப் போதும்னு அதப் போட்டு வெப்பேன். நின்னதும் வீடு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான் கூப்புட்டேன். நீங்க வேலயப் பாருங்க."

அவள் வைத்துவிட்டாள். ஹேரான் கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தாள். பதினோரு மணி நேரம் ஓடிய தொடரை யாருமே பார்க்கவில்லை. மூன்று வருடமாகத் தான் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தது, பேச ஆளில்லாத அடுக்களையில் ஒரு பேச்சுச் சத்தம். தான் அங்கே உட்கார்ந்து வாயாடியிருந்தால் அந்தச் சத்தம் தேவையே இல்லை.

நான்கு மணிக்குப் பியோன் விடுப்பில் இருந்தவர்களையும் சேர்த்து எல்லோரையும் கூப்பிட்டார். விதியை நிறுத்தியாகிவிட்டது, ஆனால் செய்தித் தளங்களில் வந்துவிட்டது. மருமகள்களைக் கடைக்காரிகள் ஆக்கிய ஹானுல் என்று ஒருவன் தலைப்புப் போட்டிருந்தான். இதைக் கடை என்று முடிவு பண்ணியது யார் என்று பியோன் கேட்டார். கேட்டவரே சொன்னவர் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்த ஆறு பேரில் ஐந்து பேருடைய மனைவிமார் அந்த நேரத்தில் எங்கே, எதன் முன்னால் குந்தியிருந்தார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது எத்தனை மணி நேரம் என்று மட்டும் யாரும் எண்ணியிருக்கவில்லை.

ஜெஹா எழுந்து இடுப்பு வரை குனிந்தான். "தப்பு என்னோடது சார். மாதிரி எடுத்தது நான். அந்த கிம்ஜே கணக்கோட நம்பரத் திறந்து யாருன்னு இப்பவே பாத்துடறேன்."

"திறக்க வேண்டாம்," என்றாள் ஹேரான். "அது என்னோடது."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அது கடையில்ல, என் மாமியார் வீட்டு அடுக்களை. பண்டிகைக்கு முந்தின நாள் என் ஓர்ப்படி அங்க உக்காந்து ஜோன் சுடுவா. நவம்பர்ல நீங்க திரையில போட்டப்பவே எனக்குத் தெரியும்."

ஜெஹா நிமிர்ந்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தெரிஞ்சும் ஏன் மேடம் சொல்லல?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"சொன்னா, நீ ஏன் அங்க இல்லன்னு கேப்பீங்கன்னுதான்."

நம்பரைத் திறக்கிறேன் என்று ஜெஹா சொல்லாமல் இருந்திருந்தால் அன்று வாயைத் திறந்திருப்பேனா என்று ஹேரான் அதற்குப் பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். திறந்திருப்பேன் என்று ஒருமுறைகூடத் தைரியமாகச் சொல்ல முடியவில்லை.

தண்டனை என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஊழியர் கணக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பெரிய தண்டனை வேறு விதமாக வந்தது. இனிமேல் இரண்டு பெரிய பண்டிகைக்கும் மும்மூன்று நாள் எந்த விதியும் கிடையாது, யாரும் எங்கிருந்தும் பார்க்கலாம் என்று ஹானுல் அறிவித்தது. அதை ஊழியர் ஒருவரின் குடும்ப அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டோம் என்று பியோன் செய்தியாளர்களிடம் சொன்னார். ஜனங்கள் மனம் இளகிப் பாராட்டினார்கள். மாடியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் நல்ல காரியம் பண்ணீங்க மேடம் என்று குனிந்துவிட்டுப் போனார்கள். ஜெஹா மட்டும் வெறுமனே வணக்கம் சொன்னான். அதற்காக ஹேரான் அவனுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

யூஜங்கைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தில் சிரித்ததையும் சொன்னாள். சிரித்ததை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு முறை நினைத்து, பிறகு சொன்னாள்.

யூஜங் அங்காடியில் யாருக்கோ மீதிச் சில்லறை கொடுத்துவிட்டு வந்தாள்.

"நீங்க அங்க சிரிச்சா எனக்கென்னக்கா, அழுதா எனக்கென்ன. சுசோக்குக்கு வருவீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

"வரேன்."

"போன வருசமும் இதேதான் சொன்னீங்க."

அந்த சுசோக்குக்கு ஹேரான் பண்டிகைப் பட்டியலில் பெயர் எழுதவில்லை. முந்தின நாளுக்கும் முந்தின நாளே கிம்ஜே போய்ச் சேர்ந்தாள். மறுநாள் விடிகாலையில் அடுக்களைக்குப் போனபோது யூஜங் வந்து தரையில் செய்தித்தாள் விரித்துக்கொண்டிருந்தாள். மாவு எங்கே என்று ஹேரான் கேட்டாள். யூஜங் நிமிராமல் தாடையால் காட்டினாள். ஹேரான் திறந்த அலமாரியில் மருந்துப் பெட்டிகள்தான் இருந்தன. அடுத்ததைத் திறந்தாள். இருபத்தொரு வருடமாக இந்த வீட்டு மூத்த மருமகள் அவள்.

மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். ஒரு மெத்தைத் தலையணையைத் தரையில் போட்டார். தோல் சீவி நறுக்கிய பேரிக்காயைத் தட்டில் வைத்து, குத்திச் சாப்பிடச் சின்ன முள்கரண்டியோடு அதன் பக்கத்தில் வைத்தார்.

"சேபோம் அம்மா, நீ உக்காரு. தூரத்துலேர்ந்து வந்திருக்க. சாப்பிடு."

வந்து போகும் சொந்தக்காரர்களுக்கு வைக்கும் தட்டு அது. மாமியார் அன்பாகத்தான் சொன்னார், குத்திக்காட்டும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஹேரான் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, தலையணையை விட்டு நகர்ந்து யூஜங்குக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

அவள் போட்ட முதல் நாலு துண்டும் திருப்பும்போது முட்டை ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம் எனப் பிரிந்தன. யூஜங் அவற்றைச் சாப்ஸ்டிக்கால் எடுத்துத் தனித் தட்டில் போட்டாள். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்தாள்.

"படையலுக்கு இது ஆவாது. உப்பே போடல நீங்க," என்றாள். மீதியை ஹேரான் பக்கம் தள்ளினாள். "இத நாம தின்னுக்கலாம்."

ஹேரான் தின்றாள். உப்பில்லைதான். அடுப்புக்கு அந்தப் பக்கம் யூஜங் பக்கத்து வீட்டில் நாய் குட்டி போட்டதைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள், பதிலை எதிர்பார்க்காத குரலில். ஹேரானுக்கு அதற்குள்ளேயே கால் மரத்துப் போயிருந்தது. கூடையின் அடி இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. சுவரில் மணி ஏழேகால்தான் ஆகியிருந்தது.